ஒரு நிமிஷம், நாற்பது மூச்சு

பொங்கல் லீவுக்கு ஆரணி பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன அன்னிக்கே மருமகனுக்கு (ஒண்ணேகால் வயசு) மூக்கு ஒழுகிட்டிருந்தது. "சளி தான், ஊரெல்லாம் இருக்கு" என்றார் மாமா. மூணாம் நாள் ராத்திரி உடம்பு கொதிச்சுது, இருமலும் அதிகமாச்சு. அம்மா அவன் நெஞ்சுல காதை வச்சுக் கேட்டுட்டு "கொரகொரன்னு இருக்கு, கபம் கட்டிக்கிச்சு" என்றாள். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து "இது கணை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிட்டுப் போனாங்க. நான் வழக்கம்போல கூகுளைத் திறந்தேன். பத்து நிமிஷத்துல பையனுக்கு ஏழு வியாதி கண்டுபிடிச்சாச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு அக்கா என்னை எழுப்பினா. "டேய், இவன் வயித்தைக் கொஞ்சம் பாரேன். ஏதோ வேகமா துள்ளுற மாதிரி இல்ல?" நான் அரைத்தூக்கத்துல பார்த்துட்டு "காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும், தூங்குக்கா" என்றேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

காலையில டாக்டரம்மா கிட்ட போனோம். வெளியே முப்பது பேர் வரிசையில இருக்காங்க. அவங்க ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே இல்லை. பையனை அக்கா மடியிலேயே வச்சுக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கிவிட்டு, அவன் வயித்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாங்க. பேச்சே இல்லை. ஒரு முழு நிமிஷம். அப்புறம் "நாப்பத்தாறு" என்று சீட்டுல எழுதிட்டுத்தான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாங்க. நிமோனியா, ஆரம்ப நிலை, அமாக்ஸிசிலின் கொடுங்க, ரெண்டு நாள்ல திரும்பக் காட்டுங்க என்றார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "என்ன மேடம் எண்ணினீங்க?"

"மூச்சு."

"எவ்வளவுக்கு மேல போனா தப்பு?"

"இவன் வயசுக்கு நாப்பது."

"அந்த நாப்பது யார் வச்ச கணக்கு?"

சிரிச்சாங்க. "வெளிநாட்டுக்காரன் வச்சதுன்னு நினைச்சீங்களா? இங்க பக்கத்துல தான். வேலூர்."

அந்த ஒரு பதிலுக்காக ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பழைய மருத்துவக் கட்டுரைகளா தேடித் தேடிப் படிச்சேன். அதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. (டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. உங்க வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா என்னைப் படிக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க.)

*

குழந்தைகளோட இருமலை வச்சு இது இந்த வியாதி, அது அந்த வியாதின்னு பிரிக்கிற வேலை ரொம்பப் பழசு. அதுல முதல்ல மாட்டினதெல்லாம் சத்தம் போடுற வியாதிகள்.

கக்குவான் இருமலையே எடுத்துக்கங்க. தொடர்ந்து இருமி, மூச்சு தீர்ந்து, முகம் செவந்து, கடைசியில 'ஊப்'புன்னு ஒரு இழுப்பு. முடிஞ்சதும் வாந்தி; நம்ம ஊர்ப் பேரிலேயே கக்கல் இருக்கு. 1578ல் பாரிஸ்ல இது கொள்ளைநோயா பரவினதை கியோம் த பாயூ என்ற மருத்துவர் எழுதி வச்சிருக்கார். கிருமி என்னன்னு தெரியறதுக்கு 1906 ஆகிப்போச்சு (பிரஸ்ஸல்ஸ்ல போர்தே, ஜாங்கூ என்ற ரெண்டு பேர்). ஆனா வியாதியை அடையாளம் காண முன்னூறு வருஷமா யாருக்கும் கிருமி தேவைப்படலை. காது இருந்தாப் போதும்.

அடுத்தது க்ரூப். நாய் குரைக்கிற மாதிரி இருமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு. இது ஸ்காட்லாந்து ஜனங்க பேச்சுல இருந்த வார்த்தை. 1765ல் எடின்பரோவில் ஃப்ரான்சிஸ் ஹோம் அதை மருத்துவப் புத்தகத்துக்குள்ள கொண்டு வந்தார். இங்கதான் காதை மட்டும் நம்பினதுல ஒரு பெரிய குழப்பம். அதே சத்தம் ரெண்டு வியாதிக்கு வரும். ஒண்ணு, வைரஸால வர்ற, பெரும்பாலும் தானே சரியாகிற க்ரூப். இன்னொண்ணு தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. தொண்டையில தோல் மாதிரி ஒரு படலம் வளர்ந்து மூச்சையே அடைச்சிடும். ரெண்டுக்கும் ஒரே பேர். 1826ல் பிரான்ஸ்ல தூர் நகரத்து மருத்துவர் ப்ரெத்தோனோ, படலம் வர்றது தனி வியாதின்னு வாதாடி, தோலைக் குறிக்கிற கிரேக்க வார்த்தையிலிருந்து அதுக்குத் தனிப் பேர் வச்சார். அவர் சொன்னதை அந்தக் காலத்துல எல்லாரும் உடனே ஒத்துக்கலை. 1884ல் லோஃப்ளர் அந்தக் கிருமியைத் தனியா வளர்த்துக் காட்டின பிறகு விஷயம் முடிஞ்சது.

இந்தப் பழைய காதுவேலையில இன்னிக்கும் செல்லுபடியாகிற ஒரு சூத்திரம் இருக்கு. மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தா அடைப்பு மேலே, தொண்டைப் பக்கம். வெளியே விடும்போது விசில் அடிச்சா அடைப்பு கீழே, நெஞ்சுக்குள்ள இருக்கிற சின்னக் குழாய்கள்ல. குழாயில தண்ணி போறது வர்றது தெரிஞ்ச யாருக்கும் புரியற லாஜிக்.

எல்லாத்தையும்விட அதிகமா பிள்ளைகளைக் கொன்ன நிமோனியாவுக்கு மட்டும் இப்படி ஒரு அடையாளச் சத்தம் கிடையாது. அதுக்கும் இருமல்தான், சாதா சளிக்கும் இருமல்தான். அம்மா காதை வச்சுக் கேட்டாளே கொரகொர, அது பெரும்பாலும் மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவுல சளி உருள்ற சத்தம். நுரையீரலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்லை.

நுரையீரல் உள்ளே நடக்கிறதைக் கேட்க முதல்ல வழி கண்டுபிடிச்சவர் லென்னெக். 1816, பாரிஸ், நெக்கேர் ஆஸ்பத்திரி. ஒரு இளம்பெண்ணோட மார்புல காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். நேரா காதை வச்சதைவிடத் தெளிவா கேட்டுச்சு. 1819ல் புத்தகமே போட்டார். நிமோனியா வந்த நுரையீரல்ல கேட்கிற சத்தத்துக்கு அவர் சொன்ன உவமை, சட்டியில உப்பைப் போட்டுச் சூடாக்கினா பொரியுமே, அது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. சமையலறைக்குள்ள நின்ன ஆளுக்குத்தான் இப்படித் தோணும். பாவம், 1826ல் காசநோய்ல செத்துப்போனார்.

1895ல் எக்ஸ்ரே வந்தது. 1940கள்ல பெனிசிலின் வந்தது. அதாவது இருபதாம் நூற்றாண்டு நடுவுல, ஒரு பெரிய நகரத்துல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கிற குழந்தைக்கு இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்துபோச்சு. சந்தேகமா? கேளு, படம் எடு, மருந்து கொடு.

மத்த குழந்தைகள் கதை? 1980கள்ல போட்ட உலகக் கணக்குப்படி மூச்சுத் தொற்றுகளால வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் பிள்ளைகள், அஞ்சு வயசுக்குள்ள.

*

இப்போ கதை பாப்புவா நியூ கினிக்குப் போகுது. மலைநாடு. கோரோகா என்ற ஊர் கிட்டத்தட்ட 1600 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்கே பல கிராமங்களுக்கு இருந்த மருத்துவம் ஒரு சின்ன உதவி நிலையம், அதுல கொஞ்சம் பயிற்சி பெற்ற ஒரு ஊழியர். டாக்டர் இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஸ்டெதாஸ்கோப் கொடுத்தாலும் உப்பு பொரியறதைக் கேட்டுப் பழக வருஷங்கள் ஆகும். அதுலயும் முன்னாடி இருக்கிறது வீறிட்டு அழுற குழந்தை.

அந்த ஊழியரோட நிலைமையை யோசிங்க. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு அஞ்சாறு தடவையாவது சளி இருமல் வரும். வர்ற இருமலுக்கெல்லாம் ஆண்டிபயாடிக் கொடுத்தா மருந்தும் தீர்ந்துபோகும், கிருமிகளும் மருந்துக்குப் பழகிப்போகும். கொடுக்காம அனுப்பினா அதுல ஒண்ணு ரெண்டு பிள்ளை திரும்ப வராது. எந்த ஒண்ணு ரெண்டு?

ஃப்ராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் அப்போ கோரோகா ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டிருந்தார். அவரும் கூட்டாளிகளும் ரெண்டு வேலை செஞ்சாங்க. முதல் வேலை: கடுமையான நிமோனியா வந்த குழந்தைகளோட நுரையீரல்லேர்ந்து ஊசியால நேரடியா மாதிரி எடுத்துச் சோதிச்சாங்க. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள்கிட்ட பாக்டீரியா கிடைச்சுது, முக்கியமா நியூமோகாக்கஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சாவும். அதாவது சரியான பிள்ளையைக் கண்டுபிடிச்சு ஆண்டிபயாடிக் கொடுத்தா காப்பாத்தலாம். ரெண்டாவது வேலை: அந்தச் சரியான பிள்ளையை எந்தக் கருவியும் இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1984ல் வெளிவந்த அவங்க கட்டுரையோட சாரம் ரெண்டு வரியில அடங்கிடும். இருமல் இருக்கிற குழந்தை நிமிஷத்துக்கு 50க்கு மேல மூச்சு விட்டா ஆண்டிபயாடிக் கொடு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சோட கீழ்ப்பகுதி உள்ளே குழிஞ்சா ஆஸ்பத்திரியில சேர். அவ்வளவுதான்.

இவ்வளவு எளிசான விஷயம் ஏன் வேலை செய்யுது? சளி பிடிச்சா அடைபடுறது மூக்கு. நுரையீரல் பாட்டுக்கு இருக்கும். நிமோனியாவுல நுரையீரலோட காற்றுப்பைகள்ல திரவம் நிரம்பிடும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது விறைச்சுப்போகுது. விறைச்ச பலூனைப் பெரிசா ஊதுறது கஷ்டம், அதனால உடம்பு சின்னச் சின்னதா, ஆனா நிறையத் தடவை மூச்சு விட்டு ஈடுகட்டுது. இன்னும் விறைச்சா, உதரவிதானம் இழுக்கிற இழுப்புக்கு நுரையீரல் விரியாம, குழந்தையோட மெல்லிசான விலாதான் உள்ளே போகும். நல்லா இருக்கிற பிள்ளை மூச்சை இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து வெளியே வரும். இதுல வயிறு வெளியே வரும், நெஞ்சுக்கூட்டோட அடிப்பகுதி உள்ளே போகும். ஒருதடவை பார்த்தா மறக்காதாம்.

கவனிச்சீங்களா, நானூறு வருஷம் எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இவங்க கேட்கிறதை விட்டுட்டுப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

*

உலக சுகாதார நிறுவனம் இந்த 50ஐ எடுத்துக்கிச்சு. இப்போ வேலூர்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது தினசரி வேதனை. ஒரு ஊர்ல, ஒரு டேட்டாவுல நல்லா ஓடின வரம்பு வேற இடத்துல ஓடுமா? அதோட, எல்லா வயசுக்கும் ஒரே எண்ணா? பிறந்த குழந்தை சும்மா தூங்கும்போதே வேகமா மூச்சு விடும். வயசாக ஆக வேகம் குறையும். மூணு மாசக் குழந்தைக்கும் ரெண்டரை வயசுப் பிள்ளைக்கும் ஒரே கோட்டைப் போட்டா, பெரிய பிள்ளை அந்தக் கோட்டைத் தொடறதுக்குள்ள வியாதி முத்திப்போயிருக்கும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் (ஆமாம், போலியோ விஷயத்துல நாம கேள்விப்பட்ட அதே வைராலஜி நிபுணர்), எரிக் சிமோயஸ், மார்க் ஸ்டைன்ஹாஃப் முதலானவங்க இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நுரையீரல் வரைக்கும் தொற்று இறங்கின பிள்ளைகளையும், வெறும் சளியோட வந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு, எந்த அடையாளம் ரெண்டையும் சரியாப் பிரிக்குதுன்னு எண்ணினாங்க. 1988ல் லான்செட்ல வந்தது. ஒரு வயசுக்குள்ள 50. ஒரு வயசுக்கு மேல மூணு வயசு வரைக்கும் 40. அந்த வயசுகளுக்கு இந்த எண்கள் ரெண்டு பக்கமும் நல்லா வேலை செஞ்சுது. உண்மையான நோயாளியை அதிகம் தவறவிடலை, சும்மா சளியை அதிகம் பிடிச்சு உள்ளே போடவும் இல்லை.

என் மருமகனோட எண் 46. ஒண்ணேகால் வயசு. கோரோகா கணக்குல அவனுக்கு வெறும் சளி. வேலூர் கணக்குல நிமோனியா. இந்த இடத்தைப் படிச்சப்போ நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்துதான் மிச்சத்தைப் படிச்சேன்.

அதே கட்டுரையில இன்னொரு விஷயம். நெஞ்சு குழியறது, ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்கு முத்தின பிள்ளைகளைத்தான் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்கு அனுப்பி வைத்தியம் பார்க்கக்கூடிய ஆரம்ப நிலையில அது உதவலை. அந்த நிலையில உதவினது ரெண்டு: ஒண்ணு மூச்சு எண்ணிக்கை. இன்னொண்ணு, "பிள்ளை வேகமா மூச்சு விடுது" என்று அம்மா சொல்ற வார்த்தை. ஆமாங்க, அம்மா சொல்றதையும் ஒரு அடையாளமா எடுத்துச் சோதிச்சிருக்காங்க, அது தேறியிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு துள்ளுதுன்னு அக்கா சொன்னா. நான் தூங்கச் சொன்னேன். பொறியியல் பட்டதாரி.

*

எண்ணினாப் போதும் என்று ஆச்சு. எண்ணவே தெரியாதவங்க என்ன செய்வாங்க?

மகாராஷ்டிராவோட கிழக்குக் கோடியில கட்சிரோலி. காடு, பழங்குடி கிராமங்கள். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பொது சுகாதாரம் படிச்சுட்டு அங்கே போய் உட்கார்ந்து, 1986ல் சர்ச் என்ற அமைப்பை ஆரம்பிச்சாங்க. அவங்க செஞ்சது: கிராம சுகாதார ஊழியர்களுக்கும் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகளுக்கும் மூச்சு எண்ணி நிமோனியாவைக் கண்டுபிடிக்கவும், கோ-ட்ரைமாக்ஸசோல் கொடுக்கவும் கத்துக்கொடுத்தாங்க. டாக்டர்கள் மட்டுமே தொடணும் என்றிருந்த ஆண்டிபயாடிக்கை மருத்துவச்சி கையில கொடுக்கிறது சின்ன விஷயமில்லை.

ஆனா அந்த மருத்துவச்சிகள் பலருக்கு 12க்கு மேல எண்ணத் தெரியாது. கைக்கடிகாரமும் பார்க்கத் தெரியாது. "அப்போ இது இவங்களுக்கு ஆகாது" என்று ஃபைலை மூடியிருக்கலாம். இவங்க ஒரு மணிச்சட்டம் பண்ணினாங்க. ஒரு நிமிஷத்துல காலியாகிற மணல் கடிகாரம், ரெண்டு வரிசை மணிகள். மேல்வரிசை ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு, கீழ்வரிசை அதுக்கு மேல. பத்து மூச்சு எண்ணு, ஒரு மணியைத் தள்ளு. மறுபடி பத்து, இன்னொரு மணி. மணல் தீர்றதுக்குள்ள கடைசிச் சிவப்பு மணியைத் தள்ளிட்டியா? நிமோனியா. மருந்து கொடு.

நான் எழுதின எந்தப் புரோகிராமும் இந்த அழகுக்குப் பக்கத்துல வராது. பயனர் பத்து வரைக்கும்தான் எண்ணுவார், சரி, பத்தை ஒரு மணியாக்கு. நேரம் பார்க்கத் தெரியாதா, மணலைக் கொட்டு. வயசுக்கு ஏத்த வரம்பு மணிகளோட எண்ணிக்கையிலேயே ஒளிஞ்சிருக்கு. பயிற்சிப் புத்தகம்கூட வேண்டாம். பேட்டரியும் வேண்டாம் :-)

1990ல் அவங்க லான்செட்ல கொடுத்த கணக்கைப் பாருங்க. அவங்க ஊழியர்கள் வைத்தியம் பார்த்த 612 நிமோனியாக்கள்ல இறப்பு 0.8 சதவீதம். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கிட்ட, இந்தத் திட்டம் இல்லாத பக்கத்துப் பகுதியில 13.5 சதவீதம். அதே கிராமம் மாதிரி கிராமம், அதே காடு.

இது ஒரு ஊர்க் கதையா நின்னுடலை. இதே மாதிரி பல நாடுகள்ல நடந்த ஆய்வுகளை சஸாவலும் ப்ளாக்கும் ஒண்ணா சேர்த்துப் பார்த்து 2003ல் எழுதினாங்க: நாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல நிமோனியா சாவு 36 சதவீதம் குறைஞ்சது, மொத்தச் சாவே 24 சதவீதம் குறைஞ்சது. உலக சுகாதார நிறுவனம் 1990களோட ஆரம்பத்துலேயே அட்டவணையை நிலைநிறுத்திடுச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள 60 அல்லது அதுக்கு மேல, ரெண்டு மாசத்திலேர்ந்து ஒரு வயசு வரை 50, ஒண்ணிலிருந்து அஞ்சு வயசு வரை 40. மூணாவது எண்ணுக்குப் பின்னாடி வேலூர் நிக்குது. உலகம் முழுக்க எத்தனையோ சுகாதார ஊழியர்கள் தினமும் அந்த நாப்பதை மனசுல வச்சு எண்ணுறாங்க. நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே ஒரு டாக்டரம்மா போகிற போக்குல சொல்லித்தான் தெரிஞ்சது.

*

சரி, எல்லாமே சரியா இருக்கா? இல்லை.

1956ல் அமெரிக்காவுல ஆராய்ச்சிக்கூடத்துச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடிச்சுது. அதுலேர்ந்து ஒரு புது வைரஸ் கிடைச்சுது. சிம்பன்சி சளி வைரஸ்னு பேர் வச்சாங்க. அடுத்த வருஷமே சானக் என்பவர் பால்டிமோர்ல குழந்தைகள்கிட்ட அதையே கண்டுபிடிச்சார். இப்போ அதோட பேர் ஆர்.எஸ்.வி. கைக்குழந்தைகளோட சின்ன மூச்சுக்குழாய்களை வீங்க வச்சு அடைக்கும், பிராங்கியோலைட்டிஸ் என்கிறாங்க. மூச்சை வெளியே விடும்போது விசில், மூச்சு வேகம், நெஞ்சு குழியறதும் உண்டு. ஆண்டிபயாடிக் இதுக்கு ஒண்ணும் செய்யாது. ஆஸ்துமாவும் அதே மாதிரிதான். மூச்சு எண்ணுற முறை இவங்களையும் நிமோனியாவோட ஒரே கூடையில போட்டுடும்.

1980கள்ல இது பெரிய தப்பில்லை, கூடையில பாக்டீரியா நிறைய இருந்தது. அப்புறம் தடுப்பூசிகள் வந்தன. ஷான் நுரையீரல்ல பிடிச்சாரே ரெண்டு கிருமி, ரெண்டுக்குமே இப்போ ஊசி இருக்கு. ஹீமோஃபிலஸுக்கான ஊசி அடங்கின பென்டாவேலன்ட் இந்தியாவுல முதல்ல வந்ததே 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான். நியூமோகாக்கஸ் ஊசி 2017ல் சில மாநிலங்கள்ல ஆரம்பிச்சு 2021ல் நாடு முழுக்க வந்தது. ஏழு நாடுகள்ல நடந்து 2019ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுல, ஆஸ்பத்திரியில சேர்ந்த கடும் நிமோனியாக்கள்ல கிட்டத்தட்ட 61 சதவீதத்துக்கு வைரஸ்தான் காரணம், ஆர்.எஸ்.வி. மட்டுமே 31 சதவீதம்.

அப்போ வேகமா மூச்சு விடுற எல்லாப் பிள்ளைக்கும் இன்னும் ஆண்டிபயாடிக் தேவையா? மலாவியிலயும் பாகிஸ்தான்லயும் துணிஞ்சு சோதிச்சாங்க. நெஞ்சு குழியாத, மூச்சு வேகம் மட்டும் இருக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின், பாதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. மலாவியில வைத்தியம் பலிக்காமப் போனது 4 சதவீதத்துக்கு 7. பாகிஸ்தான்ல 2.6க்கு 4.9. அதாவது மருந்தே இல்லாமலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறிட்டாங்க. ஆனா மருந்து கொடுத்தா இன்னும் கொஞ்சம் பேர் தேறினாங்க. இந்தக் "கொஞ்சம் பேரை" எப்படிப் பார்க்கிறது என்பதில் நிபுணர்கள் சண்டை போடட்டும். பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ல காத்திருந்து பார்க்கலாம். நாள் முழுக்க நடக்கணும்னா மருந்தைக் கொடுத்துடறதுதான் நியாயம்னு எனக்குப் படுது. 2019ல்கூட அஞ்சு வயசுக்குள்ள 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நிமோனியாவுல செத்திருக்காங்க. 40 லட்சத்திலேர்ந்து பார்த்தா பெரிய தூரம்தான், ஆனாலும் 7 லட்சம்.

*

டாக்டரம்மா அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது: பிள்ளை தூங்கும்போதோ அமைதியா மடியில இருக்கும்போதோதான் எண்ணணும். அழுதா, பால் குடிச்சா எண்ணாதே. பதினஞ்சு நொடி எண்ணி நாலால பெருக்குற குறுக்குவழி கூடாது (நான் அதைத்தான் செஞ்சிருப்பேன்), ஏன்னா குழந்தைங்க மூச்சு சீரா இருக்காது, நின்னு நின்னு ஓடும். வயிறு ஒருதடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முழு நிமிஷம். பால் குடிக்க முடியலை, குடிச்சதெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழறது, வலிப்பு, உதடு நீலம், நெஞ்சு குழியறது, சும்மா இருக்கும்போதே இழுப்புச் சத்தம், இதுல எது வந்தாலும் எண்ணிக்கிட்டு உட்காராம உடனே தூக்கிட்டு ஓடி வா.

அன்னிக்கு மத்தியானம் எண்ணலாம்னு உட்கார்ந்தா, வீட்டுல இருந்த ஒரே சுவர்க்கடிகாரத்துல நொடிமுள் இல்லை. என் செல்போனை வச்சுத்தான் எண்ணினா. 44. மறுநாள் காலையில 38. ரெண்டாம் நாள் டாக்டரம்மா எண்ணினப்போ 32, பையன் அவங்க ஸ்டெதாஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தான்.

நான் கிளம்புற அன்னிக்கு மாமா கடைத்தெருவுலேர்ந்து புதுசா ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிட்டு வந்தார். நொடிமுள் இருக்கான்னு பார்த்து வாங்கினாராம்.